புதுக் கேபிள்

‘பீப்... பீப்...’ என்று அலறியது புதுப் பெட்டி. கிரிவலப் பாதை ஓரத்துத் துணைமின் நிலையத்தையும் திருவண்ணாமலை கட்டுப்பாட்டு மையத்தையும் இணைக்கும் கண்ணாடி இழை கேபிள், காலையில் தொடங்கி வைத்ததிலிருந்தே செத்துக் கிடந்தது.

“இனிமே டவுன்ல இருந்தே இங்க சுவிட்ச் போடலாம்னு சென்னைக்குச் சொல்லிட்டேன். மானம் போச்சு!” செயற்பொறியாளர் அறிவுச்செல்வன், ஆபரேட்டர் கருப்பன் பக்கம் திரும்பினார். “நீதான் ஏதோ பண்ணியிருக்க.”

“சத்தியமா தொடல சார்.”

“இந்தப் பொட்டி வந்தா நம்ம பொழப்பு போச்சுன்னு டீக்கடையில பேசினது யாரு?”

“அது... வாய்க்கொழுப்பு சார்.”

“அந்தக் கொழுப்பை ராமநாதபுரத்துல போய்க் கரைச்சுக்க. டிரான்ஸ்பருக்கு இன்னிக்கே எழுதறேன்.”

கருப்பன் கைகூப்பினார். “பொண்ணு பிளஸ் டூ சார். பரீட்சை வரைக்குமாவது...”

சற்றுமுன் வந்து சேர்ந்த டெக்னீஷியன் மணிமொழி, கேபிளைக் கழற்றி நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள்.

“தூசி பட்டாலே இதுல ஒளி போகாது சார். யாரோ எதையோ அப்பி வெச்சிருக்காங்க.”

“பார்த்தியா! என்னத்தடா தடவின? கிரீஸா?”

“கிரீஸ் இல்ல சார்.” மணிமொழி மறுபடியும் உற்றுப் பார்த்தாள். “சந்தனம், குங்குமம்.”

அறிவுச்செல்வனின் முகம் வெளுத்தது. கருப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

“காலையில பூஜை போட்டு, வயரு நுனிக்குப் பொட்டு வெச்சு, நீங்கதானே சார் உங்க கையால சொருகினீங்க!”