மூடியோடு எடுத்த படம்

மார்ச் 11, செவ்வாய். ஒரு தவறு செய்துவிட்டேன். என் பழைய கேமராவில் இரண்டு லென்ஸ். மேல் லென்ஸ் வழியாகப் பார்க்கிறோம், கீழ் லென்ஸ் வழியாகப் படம் பதிகிறது. ஞாயிறன்று அக்காவை எடுத்தபோது கீழ் லென்ஸின் மூடியைக் கழற்றவே இல்லை. இன்று ஃபிலிமை எடுக்கும்போதுதான் பார்த்தேன். பன்னிரண்டும் போச்சு.

வியாழக்கிழமை அக்காவுக்கு இதயத்தில் ஆபரேஷன். "ஒழுங்கா எடுடா, இதுவே கடைசியா இருந்தாலும் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

பழக்கத்துக்காகவாவது இருக்கட்டும் என்று மாலை புகைப்பட வகுப்பில் ஃபிலிமைக் கழுவினேன். பதினொன்று வெறுமை. ஒன்பதாவதில் அக்கா இருந்தாள். அதே நாற்காலி, அதே கட்டம் போட்ட சட்டை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். கருப்பு முடி வெளுத்துத் தெரியும். அவள் முடியோ மைபோல் கருத்திருந்தது. எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையோ என்று ஆசிரியையிடம் காட்டினேன்.

"நல்லா நரைச்ச தலை. அம்மாவா?"

"அக்கா, மேடம். முப்பத்திரண்டு வயசு."

அவர் அதை மறுபடி விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

அக்காவுக்குப் போன் செய்து மூடி விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"மூடியோடயா எடுத்தே? அப்ப அழகா வந்திருப்பேன்."

நாளை: அக்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் ஒன்பதாவது படத்தைப் பிரிண்ட் போட்டு அவள் பையில் வைக்க வேண்டும்.