தொந்தரவு எதற்கு?

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், ஒரு சிற்றூர் நீதிமன்றத்தின் பின்னறையில் ஹீட்டர் முனகுகிறது. ஜன்னலில் சாம்பல் நிறப் பகல். வழக்கறிஞர் ரொவீனா போலீஸ் விசாரணை வீடியோவை நான்காவது முறையாக ஓடவிடுகிறாள். திரையில் அவளுடைய கட்சிக்காரன் லெலண்ட், பக்கத்துப் பண்ணைக் கொட்டகைக்குத் தீ வைத்ததை ஒப்புக்கொள்கிறான். அதற்கு முன்பே, "வக்கீல்கிட்ட பேசணுமா?" என்று போலீஸ்காரர் முறையாகக் கேட்டிருக்கிறார். "பரவாயில்லை, வேண்டாங்க" என்றிருக்கிறான். உரிமையை அவனே விட்டுக்கொடுத்த பிறகு, வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்ல வழியில்லை. அது செல்லுபடியானால் சிறைதான். இன்னும் பத்து நிமிடத்தில் கூப்பிடுவார்கள். எதிரே லெலண்ட், பனி உருகி ஒழுகும் பூட்ஸுடன், ஆறிப்போன காபிக் கோப்பையைத் திருகிக்கொண்டிருக்கிறான்.

"ஏம்ப்பா வேண்டாம்னே?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மேடம். டிவியில ஹாக்கி ஓடிட்டிருந்துச்சு, ஊரே பார்த்துட்டிருக்கும். அந்த நேரத்துல ஒருத்தரைக் கூப்பிட்டு எப்படித் தொந்தரவு பண்றது?"

"ஜெயிலுக்குப் போ. அங்க யாருக்கும் தொந்தரவு இருக்காது."

"மன்னிச்சுக்குங்க" என்கிறான், நிஜமாகவே வருந்தி.

ரொவீனா கண்ணாடியைக் கழற்றி இமைகளை அழுத்துகிறாள். "கைதானவங்க வக்கீல் வேணும்னா கூப்பிடற போன் டியூட்டி அன்னைக்கு எனக்குத்தான். ஆட்டம் முடியறவரைக்கும் போனை மடியிலயே வச்சிருந்தேன். ஒரு தடவைகூட அடிக்கலை."