முதல் பீரியட்

சாம்பியாவில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் பாட்டு வாத்தியாராக இருக்கும் விமல், தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு அம்மாவை வீடியோ காலில் காட்டப்போவதாகச் சொன்னதிலிருந்து ராஜபாளையத்தில் அன்னாளுக்குக் கை கால் ஓடவில்லை.

"எனக்கு இங்கிலீசு ஏதுட்டி? பிள்ளைக எல்லாம் சிரிக்கும். அவனுக்குல்ல மானக்கேடு!"

"குட் மார்னிங் சில்ட்ரன். அம்புட்டுத்தாம்மா" என்றாள், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இதற்கென்றே பஸ் ஏறி வந்திருந்த மகள் பிரிஸ்கில்லா.

அன்னாள் அதை நாற்பது தடவை சொல்லிப் பார்த்தாள். தினமும் மகனுக்குப் போன் போடும் அதே பதினொன்றரைக்கு அழைப்பு வந்தது. திரையில் ஐம்பது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவளுக்கு எல்லாம் மறந்துபோனது.

"ஏலே... சாப்பிட்டியாலே?" என்று கத்திவிட்டாள்.

"சாப்பிட்டேம்மா!" என்றன ஐம்பது குரல்களும். "நீ மாத்திரை போட்டியா?"

அன்னாள் ஆடிப்போனாள். "ஏலே விமலு, தமிழா சொல்லிக் குடுக்க?"

"நான் எங்க சொல்லிக் குடுத்தேம்மா? அங்க பதினொன்றரைன்னா இங்க காலைல எட்டு மணி. நீ தெனமும் கூப்பிடுறது என் முதல் பீரியட்ல. எடுக்கலேன்னா ஏழு தடவ அடிப்ப. வெளிநாடு தூரம்னு நீ போடுற சத்தம் கிளாஸ் பூரா கேக்கும்."

வெட்கத்தில் அன்னாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "செரி, வைலே..."

தினமும் போனை வைக்க அவள் சொல்லும் சாக்கைப் பிள்ளைகளே ராகம் போட்டு முடித்தார்கள்: "குக்கர் விசிலடிக்கி, வைலே!"

அன்றைக்கு அவள் குக்கரே வைத்திருக்கவில்லை. பின்வரிசைப் பையன்கள்தான் சுருதி பிசகாமல் மூன்று விசில் விட்டார்கள்.