டவருக்குக் கீழே இரண்டு தாழிகள்

செல்போன் டவர் நட வேண்டுமென்றால், அந்த மண்ணுக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்று முதலில் பார்த்து, அவர்களுடைய வாரிசுகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தொல்லியல் துறையில் கோமதிக்கு அதுதான் வேலை. டவருக்குக் குழி தோண்டிய மேட்டாங்காட்டில் மூவாயிரம் வருடத்து முதுமக்கள் தாழிகள் இரண்டு கிடைத்தன. எலும்பைச் சோதித்த கருவி, ஊரில் வாரிசாக இரண்டே வீடுகளைக் காட்டியது: தளவாய் வீடு, செண்பகம் வீடு.

தளவாயின் மகளும் செண்பகத்தின் மகனும் காதலிப்பது தெரிந்ததிலிருந்து, வேறு சாதி என்று இரண்டு வீடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவர்கள் முறுக்கிக்கொண்டால், ஊரே போன் பேசத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டியதுதான்.

கோமதி இருவரையும் குழியருகே வரவழைத்து, தாழியில் இருப்பவர்கள் ஒரே ரத்தம், வாரிசுகள் நீங்கள்தான் என்று சொன்னாள். தளவாய் துள்ளிக் குதித்தார்.

"ஒரே ரத்தமா? அப்போ அதுக ரெண்டும் அண்ணன் தங்கச்சி முறை. இனி கல்யாணப் பேச்சே கிடையாது!"

"அண்ணாச்சி, தாழியில இருக்கிறவங்கதான் அண்ணனும் தங்கச்சியும். நீங்க அண்ணன் வழி, அவங்க தங்கச்சி வழி. அந்தப் பையன் உங்களுக்கு மருமகன் முறைல்லா!" என்றாள் கோமதி.

செண்பகம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இத்தனை நாள் கழித்துத் தளவாயிடம் நேராகப் பேசினாள்.

"அப்போ மூவாயிரம் வருசமா எங்க வீட்டுக்குப் பொங்கல் சீர் வரலையே, அண்ணே?"