சொல்லாத பெயர்

காதருகே உறுமி மேளம் திடீரென்று முழங்கியது.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். காவடிக் கூட்டம். யாரோ இடித்துக்கொண்டு போனார்கள்.

மறுபடி பார்த்தபோது கை காலியாக இருந்தது.

அதுவரை பிடித்திருந்தது கணவரின் கையை.

அவருக்கு மறதி வந்து ஒரு வருஷமாகிறது. தெருமுனைக்குப் போனாலே வீட்டுக்குத் திரும்ப வழி தெரியாது. இது பழனி அடிவாரம். தைப்பூசம்.

எக்கிப் பார்த்தாள்.

அதோ, பச்சைத் துண்டு. பஸ் போகிற சாலைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க!"

ஏழெட்டு ஆண்கள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால், சுவரில் தொங்கும் காலண்டர் சாமியைக் காட்டுவாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்வார். கும்பிடும்போதுகூட "வேலவா"தான். சாமிக்கு வேறு பெயர்கள் இருந்தன.

அவருக்கு ஒன்றுதான்.

பச்சைத் துண்டு சிறிதாகிக்கொண்டே போனது.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"முருகா!"

"அரோகரா!" என்றது சுற்றியிருந்த கூட்டம் மொத்தமும்.

அவர் போய்க்கொண்டே இருந்தார்.

"முருகா! நில்லுங்க!"

"அரோகரா!"

அழுகை வந்தது. கொண்டை அவிழ்ந்தது. மறுபடி மறுபடி கத்தினாள்.

"அம்மாவுக்கு அருள் வந்துருச்சு. வழி விடுங்கப்பா!"

கூட்டம் விலகியது. ஓடினாள். யாரோ நெற்றி நிறைய விபூதி அப்பினார்கள். யாரோ காலில் தண்ணீர் ஊற்றினார்கள். ஒருத்தி குறுக்கே வந்து கைகூப்பி நின்றாள். "எம் மகளுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்? சொல்லு சாமி!"

யாரைத் தேடுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாலையோரத்தில் எட்டி அவர் தோளைப் பிடித்தாள். ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது.

மூச்சு வாங்கியது. தொண்டை கட்டிவிட்டிருந்தது. இந்த முறை மெதுவாகத்தான் வந்தது.

"முருகா..."

அவர் திரும்பினார். விபூதி அப்பிய முகத்தையும் விரிந்த முடியையும் நிதானமாகப் பார்த்தார். தோளில் இருந்த கையை மரியாதையாக எடுத்துவிட்டார்.

"ஆளு தெரியாமக் கூப்பிடறீங்க, அம்மிணி. எங்க ஊட்டுக்காரி எம் பேரைச் சொல்ல மாட்டாளுங்க."