கொய்யாக் கட்டையும் பித்தளைத் தோட்டாவும்

பித்தளைத் தோட்டாவைச் சுட்ட பிறகும் தூக்கிப் போடாமல், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்வார்கள், தெரியுமா உங்களுக்கு? ஒரு வேட்டைக்காரன் அதற்கு வேண்டிய சாமானையெல்லாம் வீட்டிலேயே செய்துகொண்டான். வெடிமருந்தைக் குத்தி இறுக்க, கொல்லையில் நின்ற கொய்யாமரத்தில் ஒரு கிளையை வெட்டி வழவழவென்று சீவி வைத்தான்.

கட்டைக்குப் பெருமை தாங்கவில்லை. "என் குத்துக்கு ஈடு உண்டா!" என்று பீற்றிக்கொண்டே கிடந்தது.

ஒருநாள் வெறும் கூடாகத் திரும்பி வந்த தோட்டாவிடம், "இன்னைக்கு என்ன தங்கச்சி கிடைச்சுது?" என்று கேட்டது.

"ஒரு மணிப்புறா, அண்ணே. கொல்லைக் கொய்யாவுலதான் இருந்துச்சு. கூட்டுல ரெண்டு குஞ்சு கத்திக்கிட்டுக் கெடக்கு."

கட்டைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, நான் கிளையா இருந்தப்ப என் மேல தூங்கின புறாவாச்சே! அடிப்பாவி, நீ வெடிக்காம இருந்திருக்கக் கூடாதா?"

"நல்லா இருக்கே கதை! என்னைக் குத்திக் குத்தி இறுக்கினது யாராம்?"



மறுநாள் வேட்டைக்காரன் தோட்டாவில் மருந்தைக் கொட்டினான். கட்டை உள்ளே இறங்கி, எப்போதும்போல நன்றாகவே குத்தியது. குத்தி முடித்து வெளியே வரும்போது மெல்லச் சொன்னது:

"தங்கச்சி, இனிமே திரும்பி வந்தா எங்கிட்ட எதையும் சொல்லாதே, என்ன?"