பின் சீட்

மண்டி மொஹல்லா தெருக்களைப் படமெடுத்துவந்த ஸாரங்க், படங்களில் இருந்தவர்களையெல்லாம் விசாரித்துக் கண்டுபிடித்துத் தன் கண்காட்சிக்கு அழைத்திருந்தான். அப்படித்தான் சாய்கிருஷ்ணாவும் வந்தான்.

அவன் படம் கடைசிச் சுவரில் இருந்தது. மழை விட்ட ஈரத் தெருவில் ஸ்கூட்டர் ஓட்டிப் போகிறான். பின்னால் அவன் மனைவி அக்ஷதா ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவன் தோளைப் பிடித்திருக்கிறாள். மடியில் காய்கறிப் பை.

"எப்ப எடுத்தீங்க?"

"போன மாசம்தான் சார். அந்த வெளிச்சம் நோடி சார், பாருங்க, எப்படி விழுந்திருக்கு! மேடத்தையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

அக்ஷதா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அந்த ஸ்கூட்டருக்குக் கலர் பார்த்துச் சொன்னது அவள்தான். வண்டி வீட்டுக்கு வரும்போது அவள் இல்லை. அதன் பின் சீட்டில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். படத்தில் அவள் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாள்.

"தப்பா நினைக்காதீங்க சார்," என்றான் ஸாரங்க். "மேடம் கால் தொங்குது பாருங்க. ஃபுட்ரெஸ்ட்டை விரிச்சு விட்டிருக்கலாம்ல?"

"கவனிக்கலைப்பா," என்றான் சாய்கிருஷ்ணா.

வெளியே வந்து ஸ்கூட்டர் அருகே குனிந்தான். ஒருநாளும் விரிக்காத ஃபுட்ரெஸ்ட் இறுகிப்போயிருந்தது. இரண்டு கைகளாலும் இழுத்து விரித்தான். பிறகு வண்டியில் ஏறி, அவள் பிடித்து ஏறுவதற்கு வாகாகத் தோளைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தான்.